எக்ஸ்ரே செய்தி வந்தப்ப ஊர் என்ன சொல்லுச்சு?

கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கறப்ப படிங்க.

1896 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. வியன்னாவில் 'டி பிரெஸ்ஸே' நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு செய்தி போடுது. ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு பேராசிரியர் புது மாதிரியான கதிர் ஒன்றைக் கண்டுபிடிச்சிருக்கார். அது மரப்பலகையைத் தாண்டிப் போகும், சதையைத் தாண்டிப் போகும், எலும்புகிட்ட தடுமாறி நிக்கும். உயிரோட இருக்கிற மனுஷனின் எலும்பைக் கத்தி வைக்காமலே படம் எடுக்கலாம்.

பேராசிரியரின் பேரை அவசரத்தில் தப்பா அச்சடிச்சுட்டாங்க. ராண்ட்ஜன் என்பது ரவுட்கன் ஆகிப்போச்சு. லண்டனுக்குத் தந்தி போனப்ப, அங்கே ஒரு பத்திரிகை செய்தியோட ஒரு உறுதிமொழியும் சேர்த்துப் போட வேண்டி வந்தது: இது வேடிக்கை இல்ல, புரளி இல்ல, பொறுப்பான ஒரு ஜெர்மன் பேராசிரியர் பொறுப்பாகச் செய்த வேலைன்னு.

அதாவது "இது ஃபேக் நியூஸ் இல்லைங்க" என்ற டிஸ்கி 1896-லேயே தேவைப்பட்டிருக்கு.

அந்தச் செய்திக்கு ஜனங்க எப்படி ரியாக்ட் பண்ணாங்கன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். நம்பினவங்க, நம்பாதவங்க, கிண்டல் பண்ணவங்க, பயந்தவங்க, காசு பார்த்தவங்க எல்லாரும் இருந்தாங்க. ஆனா எதுக்குப் பயந்திருக்கணுமோ அதை விட்டுட்டு மத்த எல்லாத்துக்கும் பயந்தாங்க. அதுக்கான விலையை முதலில் கொடுத்தது எங்க ஆளுங்கதான். டாக்டர்கள், டெக்னீஷியன்கள்.

முதலில் கண்டுபிடிப்பைச் சுருக்கமா சொல்லிடறேன்.

வில்ஹெல்ம் ராண்ட்ஜனுக்கு அப்ப 50 வயசு. 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை சாயந்திரம். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள உயர் மின்னழுத்தம் செலுத்தி ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கார். குழாயைக் கறுப்பு அட்டையால் முழுசா மூடியாச்சு, அறையும் இருட்டு. ஆனா கொஞ்சம் தள்ளிக் கிடந்த ஒரு திரை மட்டும் மினுக்குது. பேரியம் பிளாட்டினோசயனைடு பூசின திரை. அட்டையைத் தாண்டி ஏதோ வெளியே வருது. என்னன்னு தெரியாததால 'எக்ஸ்'.

அடுத்த ஏழு வாரம் மனுஷன் யார்கிட்டயும் பெரிசா பேசல. சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஆய்வகத்தோட. டிசம்பர் 22-ல மனைவி பெர்த்தாவைக் கூட்டி வந்து, கையைப் படத்தட்டு மேல வைக்கச் சொல்லி, கால் மணி நேரம் கதிரைப் பாய்ச்சினார். விரல் எலும்புகள், அதில் ஒண்ணில் மிதக்கிற மாதிரி கல்யாண மோதிரம். நீங்க பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த படம்தான். தன் சாவையே பார்த்த மாதிரி இருக்குன்னு அந்தம்மா சொன்னதா ஒரு கதை உண்டு.

டிசம்பர் 28-ல கட்டுரையை ஊர்ச் சங்கத்தில் கொடுத்தார். புத்தாண்டு அன்னிக்கு அதன் பிரதிகளோட சில படங்களையும் சேர்த்து நண்பர்களுக்குத் தபாலில் போட்டார். அதில் ஒரு உறை வியன்னாவில் இருந்த நண்பர் எக்ஸ்னருக்கு. அவர் வீட்டில் படத்தைப் பார்த்தவர்களில் ஒருத்தரின் அப்பா அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். மீதியை நீங்களே ஊகிச்சிடலாம். இன்னிக்கு மொழியில் சொன்னா, குரூப்பில் போட்ட படம் வெளியே லீக் ஆயிடுச்சு.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. சரியா ரெண்டு மாசத்தில், 1896 மார்ச் 1 அன்று, பாரிஸில் பெக்கெரல் யுரேனியத்திலிருந்து தானாகவே கதிர் வருவதைக் கண்டுபிடிச்சார். அணுயுகத்தின் வாசல் அது. பத்திரிகைகள் கண்டுக்கவே இல்ல. ஏன்? அதில் ஒரு கை இல்ல, மோதிரம் இல்ல. மங்கலான ஒரு கறை மட்டும்தான் இருந்துச்சு. எது பெரிய செய்தின்னு முடிவு பண்ணினது இயற்பியல் இல்ல, போட்டோ.

இன்னொரு விஷயம். 2023 ஜூலையில் எல்கே-99-ன்னு ஒரு கொரியக் கல்லு அரைகுறையா மிதந்த வீடியோ ஞாபகம் இருக்கா? சாதாரண அறை வெப்பநிலையிலேயே துளி தடை இல்லாம மின்சாரம் கடத்தும்னாங்க. சில வாரத்தில் அடங்கிப்போச்சு. உலகம் முழுக்க ஆய்வகங்கள் செஞ்சு பார்த்தாங்க, வரல. எக்ஸ்ரே விஷயத்தில் நடந்தது நேர் எதிர். அந்தக் கண்ணாடிக் குழாயும் மின்சுருளும் அன்னிக்கு ஓரளவு நல்ல எந்த இயற்பியல் ஆய்வகத்திலும் இருந்துச்சு. செய்தியைப் படிச்சவன் அன்னிக்கு ராத்திரியே தன் கையைப் படம் எடுத்தான். அது வந்துச்சு. அதனால 'உண்மையா, பொய்யா' என்ற சண்டை சில நாளிலேயே முடிஞ்சது. ஜனவரி 13-ல ராண்ட்ஜன் ஜெர்மன் பேரரசர் முன்னாடியே செஞ்சு காட்டிட்டார். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இதைப் பத்தி ஆயிரத்துக்கும் மேல கட்டுரைகள் வந்தன.

உண்மைன்னு தெரிஞ்சதும்தான் கூத்து ஆரம்பிச்சது.

ஜனங்களுக்கு முதலில் தோணின கேள்வி: "இதை வச்சு துணிக்குள்ள பார்ப்பானுங்களோ?"

சத்தியமா. லண்டனில் ஒரு கடை எக்ஸ்ரே புகாத உள்ளாடைன்னு விளம்பரம் பண்ணுச்சு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், நாடகக் கொட்டகையில் பயன்படுத்துற பைனாகுலரில் எக்ஸ்ரே வைக்கக் கூடாதுன்னு ஒரு உறுப்பினர் சட்டசபையில் மசோதா கொண்டு வந்ததாச் செய்தி வந்தது. அந்த மாதிரி பைனாகுலர் உலகத்தில் எங்கேயுமே இல்ல, இருக்கவும் முடியாது. எக்ஸ்ரே எடுக்க ஒரு பக்கம் குழாய், இன்னொரு பக்கம் திரை, நடுவில் ஆள் வேணும். பால்கனியில் உக்காந்துக்கிட்டு மேடையில் இருக்கறவங்களைப் பார்க்கவே முடியாது. ஆனா அதைக் கேட்க யாருக்கு நேரம்? பத்திரிகைகளில் கேலிப் பாட்டு, கார்ட்டூன், பெண்களின் மானம் போச்சுன்னு தலையங்கம்.

இன்னொரு பக்கம் ஓவர் எதிர்பார்ப்பு. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், எடிசனுக்குத் தந்தி கொடுத்து மனித மூளையைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். நிருபர்கள் ஆய்வகத்து வாசலிலேயே நாள்கணக்காக் காத்துக் கிடந்தாங்க. எடிசன் முயற்சி பண்ணி விட்டுட்டார். மண்டையோட்டுக்குள்ள இருக்கிற மென்மையான திசுவைச் சாதாரண எக்ஸ்ரே காட்டாது. அதுக்கு 1970-கள்ல சி.டி. ஸ்கேன் வர வேண்டியிருந்தது.

டாக்டர்கள் எப்படி ரியாக்ட் பண்ணாங்க? சந்தோஷத்தில் மிதந்தாங்க. அதைக் குறை சொல்ல முடியாது. ஏன்னு புரியணும்னா 15 வருஷம் பின்னால போகணும்.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டாங்க. குண்டு முதுகுக்குள்ள. எங்கே இருக்குன்னு தெரியல. டாக்டர்கள் மாத்தி மாத்தி, கழுவாத விரலையும் கம்பியையும் காயத்துக்குள்ள விட்டுத் துழாவினாங்க. டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் ஒரு உலோகம் தேடும் கருவியோட வந்தார். படுக்கையின் இரும்புக் கம்பிச் சுருள் குழப்புச்சு. தலைமை டாக்டரோ தான் நினைச்ச பக்கத்தில் மட்டும்தான் தேட விட்டார். குண்டு இன்னொரு பக்கம் இருந்துச்சு. சீழ் பிடிச்சு செப்டம்பர் 19-ல ஜனாதிபதி செத்துப்போனார். குண்டைவிட விரல்தான் கொன்னுச்சுன்னு இன்னிக்கு எங்க பாடத்திலேயே சொல்றாங்க.

அந்தத் தலைமுறை டாக்டர் கையில் எக்ஸ்ரே கிடைச்சா எப்படி இருக்கும்? பர்மிங்காமில் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் என்ற டாக்டர், போட்டோ எடுப்பதிலும் பைத்தியம். செய்தி வந்து ஒரு வாரம் கூட ஆகல, ஜனவரி 11-லயே ஒரு கைக்குள்ள குத்தின ஊசியைப் படம் எடுத்தார். பிப்ரவரி 14-ல எக்ஸ்ரே படத்தை வழிகாட்டியா வச்சு ஆபரேஷனே நடந்தது. பிப்ரவரி 3-ல அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில், பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்ச 14 வயசுப் பையனுக்குப் படம் எடுத்துப் பார்த்தாங்க. கண்டுபிடிப்பு பேப்பரில் வந்து ஆறே வாரத்தில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த இன்னொரு இயற்பியல் சமாச்சாரத்தை நான் படிச்சதில்ல.

ஹால்-எட்வர்ட்ஸ் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப அந்த வருஷம் ஏப்ரலுக்கு வருவோம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் டேனியல் என்ற இயற்பியல் பேராசிரியர். தலையில் குண்டு பாய்ஞ்ச ஒரு குழந்தைக்குப் படம் எடுக்கணும். முதலில் ஒத்திகை பார்ப்போம்னு மருத்துவக் கல்லூரி டீன் தன் தலையையே கொடுத்தார். ஒரு மணி நேரம் கதிர். மூணு வாரம் கழிச்சு, குழாய் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்து முடி கொட்டிப்போச்சு. டேனியல் அதை 'சயின்ஸ்' இதழில் எழுதினார்.

ஒரு டாக்டரா இதைப் படிக்கும்போது எனக்குப் பகீர்ங்குது. உடம்புக்குள்ள ஏதோ நடந்திருக்குன்னு அச்சில் வந்த ஆரம்பகால எச்சரிக்கைகளில் ஒண்ணு அது.

உலகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? சிரிச்சது. இனிமே சவரக்கத்தி வேண்டாம்னு ஜோக். ஜோக்கோட நிக்கல. அதே வருஷக் கடைசியில் வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற டாக்டர், முதுகில் ரோமம் அடர்ந்த மச்சம் இருந்த அஞ்சு வயசுப் பொண்ணுக்கு எக்ஸ்ரேயால முடியை உதிர்த்தார். முடி கொட்டுச்சு. கூடவே ஆறாத புண்ணும் வந்தது. 1920-கள்ல அமெரிக்காவில் அழகு நிலையங்களிலேயே முகத்து முடி எடுக்க எக்ஸ்ரே மெஷின் ஓடுச்சு. பல வருஷம் கழிச்சு அந்தப் பெண்களின் முகத்தில் தோல் சுருங்கி, புற்றுநோய் வந்தது.

ஏன் யாருக்கும் உறைக்கல? இதுதான் இந்த த்ரெட்டின் மையம், கொஞ்சம் கவனமாப் படிங்க.

கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டா உடனே சுடும், கையை எடுத்துடுவோம். எக்ஸ்ரே படும்போது எதுவுமே தெரியாது. சூடு இல்ல, வலி இல்ல, வாசனை இல்ல. ஆனா தோலின் அடித்தளத்தில் பிரிஞ்சு பெருகிக்கிட்டே இருக்கிற செல்களின் மரபுப் பொருள் அறுபடுது. அந்த செல் அன்னிக்கே சாகாது. அடுத்து பிரியப் பார்க்கும்போதுதான் சாகும். அதனால சிவப்பு தெரிய சில நாள், முடி கொட்ட மூணு வாரம், புண் வர மாசக்கணக்கு, புற்றுநோய் வர வருஷக்கணக்கு. காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருந்தா மனுஷ மனசு ரெண்டையும் முடிச்சுப் போடாது. "வெயில் பட்ட மாதிரி இருக்கு, போயிடும்"னு போயிட்டே இருப்பான்.

இதில் கொடுமை என்னன்னா, அந்தக் காலத்துக் குழாய் நிலையா வேலை செய்யாது. உள்ளே மிச்சமிருக்கிற வாயு மாறிக்கிட்டே இருக்கும். இன்னிக்கு ஊடுருவற கதிர் நாளைக்கு ஊடுருவாது. அதனால ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாடியும் குழாய் சரியா இருக்கான்னு சோதிக்கணும். எதை வச்சு? தன் சொந்தக் கையை வச்சு. திரைக்கு முன்னால கையை நீட்டி, எலும்பு தெளிவாத் தெரியுதான்னு பார்ப்பாங்க. ஒரு நாளைக்குப் பல தடவை, வருஷக்கணக்கா. டாக்டரின் கைதான் மீட்டர்.

1896 கோடையில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் தினமும் மணிக்கணக்கா எக்ஸ்ரே ஷோ காட்டின ஒரு இளைஞனுக்கு கைத் தோல் உரிஞ்சு, நகம் வளர்றது நின்னு, தலையில் ஒரு பக்க முடி போச்சு. அதுவும் பத்திரிகையில் வந்தது. ஷோ நடத்தறவங்க கூட்டம் குறையல.

எச்சரிச்சவங்க இல்லாம இல்ல. எலிஹு தாம்சன்னு ஒரு மின்பொறியாளர். எல்லாரும் இது மின்சாரத்தால வர்ற புண், ஓசோனால வர்ற புண், புற ஊதாக் கதிரால வர்ற புண், அவனவன் உடம்பு வாகுன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டிருந்தப்ப, அவர் தன் இடது கைச் சுண்டுவிரலை மட்டும் தினமும் அரை மணி நேரம் சில நாளைக்குக் கதிரில் காட்டினார். முதலில் ஒண்ணும் இல்ல. ஒரு வாரம் கழிச்சு விரல் வீங்கி, சிவந்து, கொப்புளம் விட்டது. போதும், ஒரு அளவுக்கு மேல போனா ஆபத்துன்னு அந்த வருஷமே எழுதிட்டார்.

வில்லியம் ராலின்ஸ்னு பாஸ்டன் பல் டாக்டர் இன்னும் ஒரு படி மேல போனார். 1901-ல கினிப்பன்றிகளை மின்சாரம் தாக்காத மாதிரி கவசம் போட்ட பெட்டிக்குள்ள வச்சு, கதிர் மட்டும் பாய்ச்சினார். செத்துப்போச்சு. தோலில் புண்ணே இல்லாம செத்துச்சு. மின்சாரம்தான் காரணம்னு சொன்னவங்க வாதம் அங்கேயே விழுந்திருக்கணும். கர்ப்பமா இருந்த விலங்கின் வயித்தில் குட்டி செத்ததையும் காட்டினார். குழாயை ஈயப் பெட்டிக்குள்ள வைங்க, நோயாளிக்குத் தேவையான இடத்தைத் தவிர மத்ததை மூடுங்க, பார்க்கிறவர் கதிர் புகாத கண்ணாடி போடுங்க. இன்னிக்கு ஸ்கேன் சென்டரில் நடக்கிற பாதி விஷயத்தை அப்பவே எழுதிட்டார். அன்னிக்கு அவரை யாரும் பெரிசா எடுத்துக்கல. பல் டாக்டர்தானேன்னு நினைச்சிருப்பாங்களோ என்னவோ. எங்க தொழிலில் அந்த வியாதி இன்னும் இருக்கு.

நியூ ஜெர்சியில் இல்லாத பைனாகுலருக்கு மசோதா வந்த அந்த வருஷம்தான், அதே மாநிலத்தில் எடிசனின் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர் வேலை பார்த்துக்கிட்டிருந்தார். கண்ணாடி ஊதுறவர். எது நல்லா ஒளிருதுன்னு எடிசன் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சோதிச்சார்; குழாய்க்கு முன்னால கையை வச்சது பெரும்பாலும் டாலி. ஒரு கை புண்ணானா இன்னொரு கை. தோல் ஒட்டினாங்க, ஒட்டல. புற்றுநோய் ஆச்சு. விரல், கை, கடைசியில் ரெண்டு கையையும் எடுக்க வேண்டி வந்தது. 1904 அக்டோபரில், 39 வயசில் செத்துப்போனார். அதுக்கு முந்தின வருஷமே எடிசன் நிருபர்கள்கிட்ட எக்ஸ்ரே பத்தி என்கிட்ட பேசாதீங்க, எனக்கு அதைப் பார்த்தா பயம்னு சொல்லிட்டார். அதோட அந்த வேலையை விட்டார்.

யாராவது எட்டிப் பார்த்துடுவாங்களோன்னு துணியைப் பார்த்துக்கிட்டிருந்த உலகம், நீட்டின கையைப் பார்க்கல.

ஹால்-எட்வர்ட்ஸுக்கு என்ன ஆச்சு? தென்னாப்பிரிக்கப் போருக்கு மெஷினைத் தூக்கிட்டுப் போய் சிப்பாய்களுக்குப் படம் எடுத்தார். கையில் புண். 1908-ல இடது கையை வெட்டி எடுத்தாங்க. வலது கையில் விரல்களும் போச்சு. அப்படியும் 1926 வரைக்கும் இருந்தார். வலியோட.

டாக்டர்களே செத்துக்கிட்டிருந்தப்பவும் வெளியே குஷி குறையல. 1920-கள்லிருந்து செருப்புக் கடைகளில் எக்ஸ்ரே பெட்டி வந்துச்சு. குழந்தை காலை உள்ளே விட்டா, ஷூவுக்குள்ள விரல் எலும்பு ஆடறது மேல தெரியும். அம்மா பார்ப்பாங்க, கடைக்காரர் பார்ப்பார், பிள்ளையும் குனிஞ்சு பார்க்கும். ஐரோப்பா, அமெரிக்கா பூரா முப்பது வருஷம் ஓடுச்சு. 1950-கள்லதான் ஒவ்வொரு இடமாத் தடை வந்தது. கதிர் பாதுகாப்புக்குன்னு உலக அளவில் ஒரு குழு அமைஞ்சதே 1928-ல, ஸ்டாக்ஹோமில் நடந்த மாநாட்டில். கண்டுபிடிச்சு 33 வருஷம் கழிச்சு.

இதைப் படிச்சுட்டு "ஐயோ, நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்காங்களே"ன்னு யாரும் ஓடாதீங்க. உங்களுக்காகக் கணக்கு சொல்லிடறேன். மண், காற்று, வானத்திலிருந்து சும்மா இருக்கும்போதே நமக்கு வருஷத்துக்குச் சராசரியா 2.4 மில்லிசீவர்ட் கதிர் கிடைக்குது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழே. ரெண்டு வாரம் உயிரோட இருந்தா கிடைக்கிற அளவு கூட இல்ல. வயித்து சி.டி. ஸ்கேன் வேற கதை, தோராயமா 8 முதல் 10. அதனால "டாக்டர், சந்தேகத்துக்கு ஒரு சி.டி. எடுத்துப் பார்த்துடலாமா?"ன்னு நீங்களா கேட்காதீங்க, தேவைன்னு டாக்டர் சொன்னா பயந்து மறுக்கவும் செய்யாதீங்க. அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எக்ஸ்ரே கிடையாது. கர்ப்பமா இருக்கலாம்னு சின்ன சந்தேகம் இருந்தாலும் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. கூச்சப்பட வேண்டாம்.

ஜெர்மனியில் ஹாம்பர்க்கில், செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கு. 1936 ஏப்ரலில் திறந்தாங்க. எக்ஸ்ரேயாலும் ரேடியத்தாலும் உயிர்விட்ட எல்லா நாட்டு டாக்டர், டெக்னீஷியன், நர்ஸ், விஞ்ஞானிகளுக்கும். பின்னால பேர்கள் கூடிக்கிட்டே போய் 350-ஐத் தாண்டிடுச்சு.

அந்தக் கல்லில் ராண்ட்ஜன் இல்ல. 1923-ல 77 வயசில் குடல் புற்றுநோயில் போனார். அதுக்கும் கதிருக்கும் சம்பந்தம் இருந்ததா யாரும் நினைக்கல. காரணம், ஆராய்ச்சி பண்றப்ப பெரும்பாலும் அவர் ஆள் உயரத் துத்தநாகப் பெட்டி ஒண்ணுக்குள்ள உக்காந்திருந்தார். குழாய் வெளியே, அந்தப் பக்கத்தில் ஈயத் தகடும் உண்டு. உடம்பைக் காப்பாத்திக்கணும்னு அவர் அதைக் கட்டல. போட்டோ தட்டுகள் வீணாகாம இருக்க ஒரு இருட்டறை வேணும்னு கட்டினார்.